சொன்னது யார், கேட்டது யார்: வேதாகமத்தை நூல் நூலாக வாசித்தல்

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற யோபு 8:7 தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மிகவும் பழகிய வசனங்களுள் ஒன்று. வீட்டுப் பிரதிஷ்டை அழைப்பிதழிலும், கடைத் திறப்பு விழாவின் பேனரிலும், புத்தாண்டு ஆராதனை முடிந்து வரிசையில் நின்று எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. இந்த வார்த்தையைச் சொன்னவர் யார் என்று கேட்டால், கர்த்தர் யோபுக்குச் சொன்னது என்றே பலர் பதில் சொல்லுவார்கள். உண்மையில் இதைச் சொன்னவன் சூகியனான பில்தாத். ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் நண்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் போனார்கள் என்ற பொருள்பட மூன்று வசனங்களுக்கு முன்பு பேசிய அதே வாய்தான், நீ சுத்தமும் செம்மையுமாயிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நிபந்தனையோடு இந்த ஆறுதலையும் சொல்லுகிறது. நூலின் முடிவில் கர்த்தர் யோபின் இன்னொரு நண்பனான எலிப்பாசைப் பார்த்து, அவன்மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும் தமக்குக் கோபம் மூண்டிருப்பதாகவும், யோபு பேசினதுபோல் அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றும் சொல்லுகிறார் (42:7).

அதே எலிப்பாசின் வாயிலிருந்து வந்ததுதான், "நீர் ஒரு காரியத்தை நிர்ணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்" என்று துவங்கும் யோபு 22:28. இதுவும் அட்டைகளில் அடிக்கடி வருவது. அந்த அதிகாரத்தைச் சற்று மேலே போய் வாசித்தால், யோபு தன் சகோதரரிடம் நியாயமில்லாமல் அடகு வாங்கினான், விதவைகளை வெறுமையாய் அனுப்பிவிட்டான் என்று எலிப்பாஸ் அடுக்கடுக்காகக் குற்றம் சாட்டுவதைக் காணலாம். அவை எல்லாம் பொய் என்பது வாசகனுக்கு முதல் அதிகாரத்திலேயே தெரியும், ஏனென்றால் யோபு உத்தமன் என்று கர்த்தரே சாட்சி சொல்லிவிட்டார்.

அப்படியானால் இந்த வசனங்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா என்றால், விஷயம் அவ்வளவு எளிதாக முடியாது. கடைசி அதிகாரத்தில் யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்படுகிறது. பில்தாத் சொன்னது, அவன் நினைத்த காரணத்துக்காக அல்லாமல் வேறு வழியில், நடந்தேறிவிடுகிறது. பவுலும் 1 கொரிந்தியர் 3:19-இல் எலிப்பாசின் ஒரு வாக்கியத்தை (யோபு 5:13) வேதவாக்கியமாகவே எடுத்தாளுகிறார். நண்பர்கள் பேசுவது முழுப் பொய் அல்ல. பொதுவாகச் சரியாக இருக்கும் ஒரு போதனையைத் தவறான மனிதன்மேல், தவறான வேளையில் சுமத்துகிறார்கள். யோபு என்னும் நூல் காட்ட வருவதே இந்த நுட்பத்தைத்தான். துக்க வீட்டுக்குப் போய் என்ன பேசக்கூடாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான பாடம் வேதாகமத்தில் வேறு எங்கும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒற்றை வசனமாக வாசிப்பவனுக்கு இந்தப் பாடம் கிடைக்காது. துக்க வீட்டுக்கே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போகிறவனாகவும் அவன் ஆகிவிடக்கூடும்.

ஆகவே வேதத்தை விளங்கிக்கொள்ளும் வழி எது என்று கேட்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது வாசிப்பின் அளவைப் பற்றியது. நாம் வாசிக்க வேண்டிய அலகு வசனம் அல்ல, நூல். நூல் மிகப் பெரிதாக இருந்தால், அதில் ஒரு பேச்சோ நிகழ்ச்சியோ தொடங்கி முடியும் பகுதி. வசன எண்கள் மூல ஆசிரியர்கள் போட்டவை அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயராக இருந்த ஸ்டீபன் லாங்டன் வகுத்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. புதிய ஏற்பாட்டின் வசன எண்களோ 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பிலிருந்து வருகின்றன. தேடி எடுக்க வசதியான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சில இடங்களில் வெட்டு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆறாம் நாளோடு முடிந்துவிடுகிறது, ஏழாம் நாள் இரண்டாம் அதிகாரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஏசாயாவின் பாடுபடும் தாசனைப் பற்றிய பாடல் 52:13-இல் தொடங்குகிறது. பெரிய வெள்ளிக்கிழமைகளில் 53:1-இலிருந்து வாசிக்கும்போது, "இதோ, என் தாசன்" என்று கர்த்தர் அவரை அறிமுகம் செய்யும் வரிகள் விடுபட்டுப் போகின்றன. 1 கொரிந்தியர் 11-இன் முதல் வசனம் பத்தாம் அதிகாரத்தின் முடிவுரை. எண்களைப் பொருட்படுத்தாமல் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கும் பழக்கம் இருந்தால் இவை தாமாகவே கண்ணில் படும்.

ஒரே அமர்வில் ஒரு நூலை வாசிப்பது கடினம் என்று தோன்றலாம். பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 25 வசனங்கள்தான். ஆகாய் இரண்டு அதிகாரம், 38 வசனம். ரூத் நான்கு அதிகாரம். மாற்கு சுவிசேஷம் முழுவதையும் வாய்விட்டு வாசித்தால்கூட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில், ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்துக்குள், முடிந்துவிடும். அப்படி வாசித்தவர்களுக்குத்தான் மாற்கின் வேகம் புரியும். எட்டாம் அதிகாரம்வரை அற்புதங்களைக் கண்டு வியந்த சீஷர்கள், அதற்குப் பின் சிலுவையைப் பற்றி இயேசு பேசப் பேச எப்படிப் புரியாமல் தடுமாறுகிறார்கள் என்பதும் தெரியும். புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர் மாற்கில் தொடங்கி, பின்பு லூக்காவையும் அப்போஸ்தலருடைய நடபடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது நல்லது. இரண்டும் தெயோப்பிலு என்ற ஒருவருக்கு ஒரே ஆசிரியர் எழுதியவை. ஆனால் நம் வேதாகமத்தில் இடையில் யோவான் வந்து அமர்ந்திருப்பதால் அவற்றின் தொடர்ச்சி பலருக்கும் தெரிவதில்லை.

ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் திட்டம் சபைகளில் பரவலாக இருக்கிறது. புரோட்டஸ்டண்ட் வேதாகமத்தில் உள்ள 1,189 அதிகாரங்களை திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்றும் ஞாயிற்றுக்கிழமை ஐந்துமாக வாசித்தால் ஆண்டுக்குள் முடிந்துவிடும் என்பது பழைய கணக்கு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-இல் தம் சபைக்கு வகுத்துக் கொடுத்த அட்டவணை, நாளொன்றுக்கு நான்கு இடங்களிலிருந்து வாசிக்க வைத்து, பழைய ஏற்பாட்டை ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிக்கச் செய்கிறது. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என வரிசையாக அமைக்கப்பட்டிருப்பதால், தவறாமல் திருப்பலிக்குப் போகிறவர் தாமாகத் திட்டம் போடாமலே ஒரு நற்செய்தி நூலை ஓராண்டு முழுக்கக் கேட்டுவருகிறார்.

ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை என்று ஜனவரி முதல் தேதி தொடங்குகிறவர்களில் கணிசமானோர் பிப்ரவரியில் நின்றுபோகிறார்கள். காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஆதியாகமத்தின் 50 அதிகாரமும் யாத்திராகமத்தின் 40 அதிகாரமும் முடியும்போது ஜனவரி கடைசி வந்துவிடும். அடுத்து வருவது லேவியராகமம். கதையில் ஊன்றிப்போயிருந்த மனத்துக்குச் சர்வாங்க தகனபலி, போஜனபலி, குஷ்டரோகப் பிரமாணம் என்று வரிசையாக வரும் சட்டங்களை எப்படி வாசிப்பதென்று யாரும் சொல்லிக்கொடுத்திருப்பதில்லை. இந்த இடத்தில் வரிசையைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. லேவியராகமத்தில் முதலில் 16, 19, 23 ஆகிய மூன்று அதிகாரங்களை வாசிக்கலாம்: பாவநிவாரண நாள், அன்றாட வாழ்வின் பரிசுத்தம், பண்டிகைகளின் வரிசை. 19-ஆம் அதிகாரத்தில் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிர்களைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் அவைகளை விட்டுவிடு என்ற கட்டளை வருகிறது. உடனே ரூத் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தால், மோவாபிலிருந்து வந்த ஓர் இளம் விதவை, அதாவது எளியவளும் பரதேசியுமான ஒருத்தி, போவாசின் வயலில் அறுக்கிறவர்களுக்குப் பின்னால் நடந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். போவாஸ் சட்டத்தின் அளவோடு நிற்கவில்லை. அவளுக்காக அரிகளிலிருந்தும் வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடச் சொல்லுகிறான். சட்டம் ஒரு வயலில் உயிரோடு நடமாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு லேவியராகமம் முன்போல வறண்டதாக இருக்காது. அதே 19-ஆம் அதிகாரத்தில்தான், "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளையும் இருக்கிறது; இயேசு அதை எங்கிருந்து எடுத்தார் என்பதும் அப்போது விளங்கும்.

தீர்க்கதரிசிகளின் நூல்களுக்கு வேறொரு துணை வேண்டும். அவர்கள் பேசியது குறிப்பிட்ட ராஜாவின் காலத்தில், குறிப்பிட்ட நெருக்கடியில். அந்தப் பின்னணி பெரும்பாலும் ராஜாக்களின் புத்தகங்களிலும் எஸ்றாவிலும் இருக்கிறது. ஏசாயா 36 முதல் 39 வரை வாசிக்கிறவர் 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரையும், எரேமியாவை வாசிக்கிறவர் 2 இராஜாக்கள் 22 முதல் 25 வரையும், ஆகாயை வாசிக்கிறவர் எஸ்றா 5, 6 அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்ற அந்த வசனம் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கும் வேலை தேடும் இளைஞர்களுக்கும் அனுப்பப்படுவது. அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் யோயாக்கீன் ராஜாவையும் எருசலேமின் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோன பின்பு, அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தை வாசிக்காமல் இந்தக் கடிதம் புரியாது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக, இரண்டே ஆண்டுகளில் சிறைப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பெயரால் அறிவித்தான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியா எழுதியதோ நேர் எதிரானது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள், எழுபது ஆண்டு ஆகும். 11-ஆம் வசனம் அந்த எழுபது ஆண்டு என்ற செய்திக்கு அடுத்த வரியில் வருகிறது. கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் தங்கள் கண்ணால் அந்த முடிவைக் கண்டிருக்க முடியாது. அது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கானது. இரண்டு ஆண்டு என்று சொன்ன அனனியா அந்த வருஷத்தின் ஏழாம் மாதத்திலேயே செத்துப்போனான் என்று நூல் பதிவு செய்கிறது.

இவ்வளவையும் அறிந்த பின்பும் அந்த வசனம் ஆறுதல் தருகிறது. ஆனால் இப்போது அது பொறுத்திருக்கக் கற்றுத்தரும் ஆறுதல். மேலும் ஒரு சங்கடமான கேள்வியையும் எழுப்புகிறது: சீக்கிரத்தில் எல்லாம் மாறிவிடும் என்று நமக்கு ஆண்டுதோறும் சொல்லும் பேச்சு எரேமியாவின் பேச்சைப் போல இருக்கிறதா, அனனியாவின் பேச்சைப் போல இருக்கிறதா?

சங்கீதங்களை வாசிக்க அதிக உழைப்பு தேவையில்லை என்று தோன்றும். உண்மையில் அங்கேயும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. எபிரேயக் கவிதை ஒரு கருத்தை இரண்டு அடிகளில் இணையாகவோ எதிராகவோ சொல்லும் இயல்புடையது என்பதை 1753-இல் ராபர்ட் லோத் என்ற ஆங்கில அறிஞர் விளக்கி எழுதினார். இரண்டாம் அடி வேறொரு செய்தியைச் சொல்ல வருவதாக நினைத்து அதற்குத் தனிப் பொருள் தேடும் பிரசங்கங்கள் நம்மிடையே உண்டு. 119-ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத், கிமெல் என்று வரும் தலைப்புகள் எபிரேய எழுத்துகளின் பெயர்கள். 22 எழுத்துக்கும் எட்டெட்டு வசனமாக 176 வசனங்கள், மூலத்தில் அந்தந்த எட்டும் அந்தந்த எழுத்திலேயே தொடங்குகின்றன. அந்தாதியையும் சித்திரக்கவியையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கட்டுப்பாட்டின் அழகு எளிதில் பிடிபடும். துதிப் பாடல்களைவிட முறையிடும் பாடல்கள் சங்கீதப் புத்தகத்தில் அதிகம் என்பதும், 88-ஆம் சங்கீதம் கடைசியில் நம்பிக்கை வரி எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது என்பதும், தெரிந்தெடுத்த சங்கீதங்களை மட்டும் வாசிப்பவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

நீதிமொழிகள் 26-இல் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்று நான்காம் வசனமும், கொடு என்று ஐந்தாம் வசனமும் சொல்லுகின்றன. பழமொழி வளம் மிகுந்த மொழியில் பிறந்தவர்கள் இதற்காகத் திகைக்க வேண்டியதில்லை. எந்த வேளைக்கு எது பொருந்தும் என்று அறிவதே ஞானம் என்பதற்காகத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பழமொழியைச் சட்டமாகவோ வாக்குறுதியாகவோ வாசிக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

நிருபங்கள் நமக்கு வந்த கடிதங்கள் என்பதற்கு முன்பு வேறொருவருக்குப் போன கடிதங்கள். 1 கொரிந்தியர் 7:1-இல், "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து" என்று பவுல் தொடங்கும்போது, அவர்கள் எழுதின கடிதம் நம் கையில் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பதைப் போன்ற நிலை இது. மறுமுனையில் கேட்கப்பட்டது என்ன என்பதைப் பதிலிலிருந்தே ஊகிக்க வேண்டும். கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்னும் பிலிப்பியர் 4:13-ஐ விளையாட்டுப் போட்டிக்கும் தொழில் வெற்றிக்கும் பொருத்துகிறார்கள். சிறையில் இருக்கும் பவுல், எப்பாப்பிரோதீத்து மூலம் பிலிப்பியர் அனுப்பிவைத்த உதவிக்கு நன்றி சொல்லும் பத்தியின் நடுவில் அதை எழுதுகிறார். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்பது முந்தின வசனம். "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் அடக்கம்.

துணைக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சபைகளில் பெரும்பாலானவை 1871-இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பையே இன்றும் வாசிக்கின்றன. மனப்பாடத்துக்கும் ஆராதனைக்கும் அதன் ஓசை ஈடற்றது. ஆனால் நிருபங்களின் நீண்ட வாதங்களைப் பின்தொடர இளையோருக்கு அது கடினமாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டாரும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தையோ வேறொரு எளிய மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்தால் போதும், வாதத்தின் போக்கு பிடிபட்டுவிடும். இணை வசனக் குறிப்புகள் உள்ள வேதாகமம் ஒன்றும், பின்னிணைப்பில் உள்ள வரைபடங்களும் வீட்டில் இருந்தால் நலம். விளக்கவுரையைத் திறப்பதற்கு முன்பு பகுதியை இரண்டு முறையாவது வாசித்து, பேசுவது யார், கேட்பது யார், இதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் சில வரிகள் எழுதிப் பார்ப்பது நல்லது. முதலில் யூடியூப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வசனத்துக்கு வருகிறவருக்கு, பிரசங்கியார் கண்டது மட்டுமே கண்ணில் படும். கைப்பேசிச் செயலியில் வாசிப்பவர்கள் அது காலையில் அனுப்பும் ஒற்றை வசன அறிவிப்போடு நின்றுவிடாமல், அதைத் தொட்டு முழு அதிகாரத்துக்குள் போய்விட வேண்டும்.

தியானம் செய்து வாசிப்பதற்கும் இப்படி ஆராய்ந்து வாசிப்பதற்கும் பகை இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த இரண்டாம் கிகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், ஆழ்நிலை நோக்கு என்று நான்கு படிகளை வகுத்தபோது, வாசிப்பைத்தான் முதற்படியாக வைத்தார். கவனமான வாசிப்பு இல்லாத தியானம் வழிதவறும் என்பதும் அவருடைய எச்சரிக்கை.

இன்னொன்று, தனியறையில் மௌனமாக வாசிப்பது என்பதே ஆதி சபைக்கு அரிதான காரியம். வெளிப்படுத்தின விசேஷம் 1:3, வாசிக்கிறவனை ஒருமையிலும் கேட்கிறவர்களைப் பன்மையிலும் வைத்துப் பாக்கியவான்கள் என்கிறது. ஒருவர் வாசிக்க, சபை கேட்டது. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுல் கேட்டுக்கொள்ளுகிறார். நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு உடனே ஒருவர் செய்தி கொடுக்கத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்பு பத்து நிமிடம் கேள்விகளுக்கு ஒதுக்கினால் என்ன? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பன்னிரண்டாம் வகுப்புப் பேரனும் ஒரே பகுதியைக் கேட்டுவிட்டு, பில்தாத் ஏன் அப்படிப் பேசினான் என்று கேட்கலாம், வாதாடலாம். அப்போஸ்தலருடைய நடபடிகள் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தபடியால்தான் பிலிப்புவுக்கு அது காதில் விழுந்தது. வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று தயங்காமல் ஒப்புக்கொண்ட மந்திரி, அடுத்துக் கேட்ட கேள்வி இதுதான்: தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?